நறுக்கின் நேர்மை: பழைய நாளிதழ்த் துணுக்குகளும் வட்டார வரலாற்றின் அறமும்

முன்னுரை

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசு ஆவணம் ஆகியனவே ஆய்வாளர் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒரு சிறு நகரத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இவை போதிய துணை செய்வதில்லை. பள்ளிக்கூடம் திறக்கப்பெற்ற நாள், நாடகக் குழு வந்து தங்கிய வாரம், நெல்விலை ஏறிய மாதம், ஊர்வலம் கலைக்கப்பட்ட மாலைப்பொழுது என்பன போன்ற செய்திகள் அரசு ஆவணங்களில் இடம்பெறுதல் அரிது. இவற்றைக் காத்து வைத்திருப்பவை பழைய நாளிதழ்களும், அவற்றிலிருந்து ஆர்வலர் சிலர் வெட்டியெடுத்து ஒட்டி வைத்த நறுக்குகளுமே ஆகும்.

நறுக்குகளைச் சான்றாகக் கொள்ளலாமா என்பது ஆய்வுநெறி பற்றிய வினா. அவற்றைக் கொண்டு ஓர் ஊரின் கடந்த காலத்தைப் பற்றியும் அங்கு வாழ்ந்து மறைந்த மனிதர்களைப் பற்றியும் தீர்ப்புக் கூற நமக்கு உரிமை உண்டா என்பது அறம் பற்றிய வினா. இவ்விரண்டாம் வினாவே இக்கட்டுரையின் பொருளாக அமைகிறது. திருவனந்தபுரமும் அதனைச் சார்ந்த தென்திருவிதாங்கூரும் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்பெறுகின்றன.

திருவனந்தபுரத்தின் இதழ்ச் சூழல்

1829-ஆம் ஆண்டிலேயே பொது நூலகம் ஒன்றைப் பெற்ற நகரம் திருவனந்தபுரம். மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) இந்நகரில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியதோடு, கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய மன்னர்களுடைய காலத்தை வரையறுக்கவும் முயன்றார். காலவரையறையில் கண்டிப்புக் காட்டிய எஸ். வையாபுரிப்பிள்ளை, 1951 முதல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பேராசிரியராக விளங்கினார். சான்று இன்றி ஒன்றும் சொல்லலாகாது என்னும் மரபு வேரூன்றிய மண் இது எனலாம்.

இதே மண்ணின் இதழியல் வரலாறு, சான்றுகள் எவ்வாறு சிதறுகின்றன என்பதற்கும் எடுத்துக்காட்டாக அமைகிறது. வக்கம் மௌலவி 1905-இல் அஞ்சுதெங்கில் தொடங்கிய 'சுவதேசாபிமானி' இதழ் பின்னர்த் திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்தது. அதன் ஆசிரியர் கே. இராமகிருஷ்ண பிள்ளை திவான் ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்து எழுதிவந்தார். 1910 செப்டம்பர் 26-இல் அச்சகம் கைப்பற்றப்பட்டது. ஆசிரியர் நாடு கடத்தப்பெற்று, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1916-இல் கண்ணூரில் அவர் மறைந்தார். அந்நாளுக்குப் பின் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தவற்றை அவ்விதழின் கண்கொண்டு காண வழியில்லை.

மற்றொரு நிகழ்வு தமிழர்க்கு இன்னும் நெருக்கமானது. 'தினமலர்' நாளிதழ் 1951 செப்டம்பர் 6-ஆம் நாள் டி.வி. இராமசுப்பையரால் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு இணையவேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த காலம் அது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. செங்கோட்டைப் பகுதியும் இணைந்தது. அடுத்த ஆண்டு அந்நாளிதழ் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. இணைப்புக்குரியவையாகக் கோரப்பட்ட நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு ஆகியன கேரளத்திலேயே நின்றன. சாலை, கரமனை, கோட்டைப்பகுதி ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த திருவனந்தபுரத் தமிழர்களும் அவ்வாறே நின்றனர். இதழ் எல்லை கடந்தது. வாசகருள் ஒரு பகுதியினர் எல்லைக்கு இப்பால் தங்கினர்.

இதன் விளைவு கருதத்தக்கது. தமிழக வரலாற்று நூல்கள் இணைந்த பகுதியைப் பேசுகின்றன. கேரள வரலாற்று நூல்கள் மலையாள மொழிவழி மாநிலத்தின் உருவாக்கத்தைப் பேசுகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட தெருக்களில் வாழ்ந்தோரின் நினைவு பெரும்பாலும் பெட்டிகளிலும் மரப்பீரோக்களிலும் நறுக்குகளாகவே எஞ்சுகின்றது. எனவே நறுக்கு பற்றிய வினா இம்மக்களைப் பொறுத்தவரை ஏட்டளவில் நிற்கும் வினா அன்று.

நறுக்கும் அளவைகளும்

அறிவைப் பெறும் வழிகளைத் தமிழ் மரபு 'அளவை' என்ற பெயரால் ஆராய்ந்துள்ளது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை காட்சி, கருதல், உவமம், ஆகமம் முதலாகப் பத்து அளவைகளைத் தொகுத்துரைக்கிறது. அக்காதையின் களம் சேரர் தலைநகராகிய வஞ்சி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவ்வளவைகளுள் மூன்று நம் பொருளுக்கு நேரடியாகப் பயன்படுகின்றன.

முதலாவது ஐதிகம். யார் கண்டது, எப்போது கண்டது என்ற விவரம் இன்றி, உலகோர் சொல்லிவருவதால் ஏற்கப்படுவது ஐதிகம். நாளும் இதழ்ப்பெயரும் குறிக்கப்பெறாத நறுக்கு இந்நிலையையே அடைகிறது. அச்சில் இருப்பதால் மட்டும் அது ஆவணமாகிவிடாது. அதே துண்டின் ஓரத்தில் நாள், இதழ், பக்கம் ஆகியன ஒருவர் கையெழுத்தில் குறிக்கப்பட்டிருப்பின், அது பிறர் சென்று சரிபார்க்கத்தக்க உரையாக உயர்கிறது. ஒருவரிக் குறிப்பு ஒரு சான்றின் தகுதியையே மாற்றிவிடுகிறது.

இரண்டாவது கருதல். புகை கண்டு நெருப்பை உணர்வதுபோல, நறுக்கைக் கொண்டு நிகழ்ச்சியை உணர்கிறோம். ஆனால் நறுக்கு நிகழ்ச்சியின் நேர்விளைவு அன்று. நிகழ்ச்சிக்கும் நமக்கும் இடையில் செய்தியாளர், ஆசிரியர், சில வேளைகளில் தணிக்கை, இறுதியில் கத்தரிக்கோல் பிடித்த வாசகர் எனப் பலர் நிற்கின்றனர். ஆகவே எந்தவொரு நறுக்கும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: நிகழ்ந்ததாக எழுதப்பட்டது ஒன்று, அதனை ஒருவர் காக்கத்தக்கது எனக் கருதினார் என்பது மற்றொன்று. முன்னது ஐயத்திற்கு இடமாகலாம். பின்னது ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

மூன்றாவது அபாவம், இல்லாமையை அறிதல். இவ்வளவையிலேயே ஆய்வாளர் பெரிதும் வழுக்கி விழ நேர்கிறது. தொகுப்பில் ஒரு செய்தி இல்லை என்பதால் ஊரில் அந்நிகழ்ச்சி இல்லை என்று முடிவு செய்தல் பிழையாகும். இதழ் தடை செய்யப்பட்டிருக்கலாம். செய்தியாளர் அத்தெருவுக்குச் செல்லாதிருந்திருக்கலாம். இருமுறை பருவமழை பெறும் திருவனந்தபுரத்தின் ஈரமும் இராமபாணப் பூச்சியும் அத்தாளை அழித்திருக்கலாம். மரக்கூழால் ஆன நாளிதழ்த்தாள், துணிக்கூழ்த் தாளைப் போன்று நீடித்து நிற்பதன்று. தன் அமிலத்தாலேயே பழுத்து ஒடியும் இயல்பினது. ஏழை மக்களின் தெருக்களைப் பற்றி இதழ்கள் எழுதியது குறைவு. அவர்தம் ஈரம் கசியும் வீடுகளில் தாள் தங்கியதும் குறைவு. இவ்விரு குறைகளும் ஒருங்கே சேர, அவர்களுக்கு வரலாறே இல்லை என்ற பொய்த்தோற்றம் எழுகிறது. இல்லாமையைச் சான்றாக்குவது இங்குத் தருக்கப் பிழையோடு அமையாமல் அநீதியும் ஆகிறது.

இரு தரப்புச் செய்திகளும் நடுவுநிலையும்

1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டத்தில் கலந்துகொண்டோர் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோசலிஸ்ட் கட்சியைச் சார்ந்த பட்டம் தாணு பிள்ளை. அக்கட்சியின் பொதுச்செயலாளர் இராம் மனோகர் லோகியா, மக்கள்மீது சுட்ட அரசு பதவி விலகவேண்டும் என்று தம் கட்சி அரசையே வற்புறுத்தினார். அது ஏற்கப்படாமையால் தாமே பொறுப்பிலிருந்து விலகினார். இந்திய அரசியல் அறம் பற்றிய விவாதங்களில் இன்றும் சுட்டத்தக்க நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியில் உயிரிழந்தோர் எண்ணிக்கை அரசுத் தரப்பிலும் தமிழர் தரப்பிலும் வெவ்வேறாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. தமிழ் இதழ் நறுக்கு 'தியாகிகள்' என்னும். பிற இதழ் நறுக்கு 'கலகம் செய்தோர்' என்னும். ஒரு தரப்பு நறுக்குகளை மட்டும் காத்த குடும்பத்தில் வளரும் குழந்தைக்குப் பக்கத்துத் தெருவார் பகைவராகத் தோன்றுதல் இயல்பு. எனவே இரு மொழி நறுக்குகளையும் அருகருகே வைத்துப் படிப்பது ஆய்வாளரின் முதற்கடமை ஆகிறது. திருவனந்தபுரத்து இதழ்களைப் பொறுத்தவரை மலையாளம் அறியாத தமிழாய்வாளரும், தமிழ் அறியாத மலையாள ஆய்வாளரும் பாதிச் சான்றையே கையாள்கின்றனர்.

ஆயினும் இங்கு ஒரு தடை எழுப்பலாம். இரு தரப்பையும் அருகருகே வைத்துவிட்டு விலகி நிற்பதுதான் நடுவுநிலையா? அவ்வாறன்று. சான்றோர் சமன்செய்யும் துலாக்கோலுக்கு உவமிக்கப்படுவது, இரு தட்டும் எப்போதும் சமமாக நிற்கும் என்பதற்காக அன்று. எடை எப்பக்கம் உள்ளதோ அப்பக்கம் கோணாமல் காட்டும் என்பதற்காகவே. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். மக்கள் சுடப்பட்டு மாண்டனர் என்பதில் வேறுபாடு இல்லை. எண் குறித்த வாதத்தில் மூழ்கி, இறந்த ஒவ்வொருவரும் ஒரு முழு மனிதர் என்பதை மறப்பது நடுவுநிலை ஆகாது. இதற்கு மறுதலையாக, அவர்தம் சாவை இன்றைய மொழிப்பகைக்கு எரிபொருளாக்குவதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நறுக்கு, வழக்கில் சான்று கூற வந்தது. வன்மத்திற்குக் கருவியாக வந்ததன்று.

பெயர் குறிக்கப்பட்டோர்க்குரிய நீதி

வட்டாரச் செய்தி நறுக்குகளில் மிகுதியும் காணப்படுவோர் பெருந்தலைவர் அல்லர். சிறு வழக்கில் சிக்கியோர், கடனில் வீழ்ந்தோர், குடும்பப் பூசலால் காவல்நிலையம் சென்றோர் ஆகியோரே. கைது செய்தி வெளிவரும் அளவிற்கு விடுதலைச் செய்தி வெளிவருவதில்லை. வெளிவந்தாலும் அதனை வெட்டி வைப்போர் சிலரே. ஆதலின் நறுக்குத் தொகுப்பு, குற்றச்சாட்டைக் காத்துத் தீர்ப்பைத் தொலைத்துவிடும் இயல்பினது. பேரன் பேத்திகள் அதே ஊரில் வாழும்போது இத்தொலைவு பெருந்தீங்கு விளைவிக்கும்.

உலகளவிலும் இச்சிக்கல் ஒரு பழைய நாளிதழ் அறிவிப்பிலிருந்தே கிளர்ந்தது. கடன் பாக்கிக்காகச் சொத்து ஏலம் விடப்படுவதாக 1998-இல் ஸ்பெயின் நாட்டு நாளிதழில் வெளிவந்த அறிவிப்பு ஒன்று, கடன் தீர்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும் கூகுள் தேடலில் தோன்றிக்கொண்டிருந்தது. அதனை எதிர்த்து ஒருவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. தேடுபொறி அவ்விணைப்பை நீக்கவேண்டும் என்ற அத்தீர்ப்பு, நாளிதழின் மூலப் பக்கத்தை அழிக்கக் கூறவில்லை. இந்திய உச்சநீதிமன்றமும் 2017-இல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றது.

அழிப்பதற்கும் பரப்பாமல் இருப்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதே இதிலிருந்து நாம் பெறும் தெளிவு. முன்பு ஒருவரைப் பற்றிய பழஞ்செய்தியைக் காண ஒருவர் நூலகம் சென்று, கட்டுகளைப் புரட்டி, சுற்றியுள்ள செய்திகளையும் கண்டு, அக்காலச் சூழலோடு அதனை உணர்ந்தார். இன்றைய தேடுபொறி கேட்ட மாத்திரத்தில் சூழலின்றித் துணுக்கை மட்டும் வெட்டித் தருகிறது. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் தீமை இலாத சொல்லையே வாய்மை எனத் தொடங்குகிறார். உண்மையை மறைக்க இது இசைவு தருவதாகக் கொள்ளுதல் ஆகாது. பொதுப்பொறுப்பில் இருந்தோர் செயலைப் பெயர் சுட்டி ஆராய்தல் கடமை. தம்மைக் காத்துக்கொள்ள இதழோ மேடையோ இல்லாத எளியோரின் பெயரைப் பயனின்றி மீண்டும் அச்சேற்றுதல் தீங்கு. ஒரே நறுக்கில் காவல் அதிகாரியின் பெயரும் கைதானவரின் பெயரும் இருக்கக்கூடும். அவ்விரண்டும் ஆய்வாளரிடம் ஒரே நிலையில் நிற்பன அல்ல.

தொகுப்போர் கடமை

கோட்டையூரைச் சார்ந்தவரும் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவருமான ரோஜா முத்தையா, நூல்களோடு இதழ்கள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள், நறுக்குகள் ஆகியவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின், 1994-இல் அத்தொகுப்பு சென்னையில் ஆய்வு நூலகமாக மலர்ந்தது. கல்விக்கூடங்கள் குப்பை எனக் கருதியதை ஒரு தனிமனிதர் காத்ததால் தமிழாய்வு பெற்ற பயன் பெரிது. திருவனந்தபுரத் தமிழ்த் தெருக்களிலும் இத்தகைய சிறு தொகுப்புகள் அழிவின் விளிம்பில் இருக்கக்கூடும். அவற்றைத் தேடிக் காப்பது இரு மாநிலத் தமிழ்த்துறைகளுக்கும் உரிய கடமையாகும்.

தொகுப்போர் நாளையும் இதழையும் குறித்தல்; தாளின் பின்புறத்தையும் படியெடுத்தல்; மறுதரப்புச் செய்தியையும் சேர்த்தல்; குற்றச்சாட்டு உள்ளவிடத்துத் தீர்ப்பைத் தேடுதல் என்னும் நான்கும் இன்றியமையாதன. இவற்றுள் பின்புறம் பற்றியது விளக்கத்திற்கு உரியது. முன்புறம் ஒருவரின் விருப்பத்தால் தெரிந்தெடுக்கப்பட்டது. பின்புறத்தில் அரைகுறையாக நிற்கும் விலைப்பட்டியலும் கடை விளம்பரமும் எவர் விருப்பமும் இன்றித் தப்பி வந்தவை. ஆதலால் விருப்பு வெறுப்பற்ற சான்றாக அவை சில வேளைகளில் முன்புறத்தினும் நம்பத்தக்கனவாகும்.

முடிவுரை

நறுக்கு குறையுடைய சான்று. ஆயினும் கல்வெட்டும் தெரிந்தெடுத்துப் பொறிக்கப்பட்டதே. மன்னனின் கொடை கல்லில் நின்றது. ஊராரின் நாள் தாளில் நின்றது. தாள் மெலிந்தது என்பதற்காக அந்நாளைத் தள்ளிவிட முடியாது. தாள் பேசுகிறது என்பதற்காக அது முழுதும் பேசிவிட்டதாகக் கொள்ளவும் முடியாது. இறந்தோர் மறுப்புக் கடிதம் எழுத இயலாதவர்; அவர்களைப் பற்றிய அச்செழுத்து நம் கையில் மட்டுமே உள்ளது. அவர்கள் எதிரில் அமர்ந்திருந்தால் எந்த நேர்மையுடன் அதனைப் படித்துக் காட்டுவோமோ, அந்த நேர்மையுடன் எழுதுதலே வட்டார வரலாற்றாசிரியரின் அறம் எனத் துணியலாம்.