நிறுவும் கடன் யாருடையது?

புதியதொரு பொருள் சமூகத்தினுட் புகும்போது, அது தீங்கற்றதென நிறுவும் கடன் அதனை விற்போர்க்குரியதா, அன்றித் தீங்குடையதென நிறுவும் கடன் அதனை எதிர்ப்போர்க்குரியதா? அறவியலின் இவ்வினாவுக்குப் பெற்றோலில் ஈயம் கலந்த வரலாறு தக்கதோர் உரைகல்லாகும்.

மோட்டார் இயந்திரத்தின் உருளையில் எரிகலவை ஒழுங்கின்றி வெடித்தெரியும்போது எழும் தட்டொலி அதன் ஆற்றலைக் குறைப்பது. ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த ரெற்றாஎதைல் ஈயம் அதனை அடக்குமென 1921 இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி கண்டார். மதுசாரமும் இப்பயனைத் தருமென்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும், எவரும் வடிக்கக்கூடிய மதுசாரத்துக்குத் தனியுரிமை கோருதல் அரிது.

1924 இல் நியூ ஜேர்சியில் இச்சேர்வையைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி இறந்தனர். மறு ஆண்டு வாஷிங்டனிற் கூடிய மாநாட்டில் அலிஸ் ஹமில்ற்றன் முதலானோர் ஈயக் கலப்பை எதிர்த்தனர். தொழிற்றுறையின் மருத்துவரான றொபேட் கீஹோவோ, தீங்குக்குச் சான்று காட்டப்படும்வரை பயன்பாட்டை நிறுத்தலாகாதென்றார். அவர் வாதமே வென்றது.

இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. முற்றிலும் தீங்கற்றதென எப்பொருளையும் நிறுவவியலாது. அவ்வாறு கோரின் தடுப்பு மருந்துகளும் வந்திரா. ஆயினும், மருந்தை ஏற்பவர் அதன் இடரையும் பயனையும் ஒருங்கே ஏற்கின்றார். ஈயப்புகையைச் சுவாசித்த தெருவோரக் குழந்தைக்கோ வண்டியுமில்லை, மறுக்கும் வாய்ப்புமில்லை. மேலும், சான்று கேட்ட தொழிற்றுறையே கீஹோவின் ஆய்வுகளுக்குப் பணமும் அளித்தது. தேடாத இடத்திற் சான்று கிட்டாமை தீங்கின்மைக்குச் சான்றாகாது.

பூமியின் வயதைக் கணித்த கிளேயர் பற்றர்சன், மாந்தர் உடலிலுள்ள ஈயம் இயற்கையளவினும் பன்மடங்கு மிகுந்ததென 1965 இல் எடுத்துக்காட்டினார். வழமையானதெனக் கொள்ளப்பட்டது இயற்கையானதன்று என்பதே அவர் உணர்த்திய உண்மை. அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை பெற்றோலில் ஈயம் குறைய, மக்கள் குருதியிலும் அது குறைந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைச் சிறிதளவு ஈயமும் ஊறுபடுத்தும் என்பது இன்று ஐயத்துக்கிடமற்றது. இலங்கை 2002 இலும், இறுதி நாடாக அல்ஜீரியா 2021 இலும் வீதி வாகனங்களுக்கான ஈயப் பெற்றோலைக் கைவிட்டன.

ஆதலின், நிறுவும் கடன் எக்காலும் ஒரு பக்கத்ததே எனக் கூறவியலாதெனினும், பயன் ஒருவர்க்கும் இடர் பிறிதொருவர்க்குமாகப் பிரிந்து, அவ்விடர் மீளாததாய், மாற்றுவழியும் உளதாயின், அக்கடன் பயன்பெறுவோரையே சாரும். ஈயத்தின் இடத்திற் சில நாடுகள் சேர்த்த மாங்கனீசுச் சேர்வைகளையும் இவ்வளவுகோலாலேயே அளத்தல் தகும்.