பன்னிரண்டு படங்களும் ஓர் அறவினாவும்

கொல்லாமை என்னும் விரதத்தை உணவுத் தட்டோடு நிறுத்திக்கொள்பவர் நம்மில் பலர். நாமும் அவ்வாறே இருந்தோம். தளிக்குச் சென்றுவந்த ஒரு பயணம் அந்நிலையை அசைத்துவிட்டது.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் இல்லத்து இளைஞன், பாட்டனாரின் பெட்டியில் கிடந்த பழைய கேமரா ஒன்றைப் பழுது நீக்கி வைத்திருந்தான். மேலும் கீழுமாக இரு வில்லைகள் உடையது; மார்பருகே பிடித்து, தலை குனிந்து நோக்க வேண்டுவது. அதில் இடும் சுருளுக்கு '120' என்று பெயர். கோடக் நிறுவனம் 1901-இல் வெளியிட்ட அவ்வகைச் சுருள் இன்றும் விற்பனையில் உள்ளது. ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு படங்கள், அவ்வளவே.

கர்நாடக எல்லையை ஒட்டிய குளிர்ந்த ஊர் தளி. வெள்ளையர் அதனைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தனர். அங்கு ஒரு முழுப் பகலில் அவன் எடுத்தவை ஒன்பது படங்களே. பனி விலகும்வரை நின்றான். ஒளி போதாதெனக் கண்டு எடுக்காமலும் திரும்பினான். நாமோ கைப்பேசியில் இருநூறு படங்களுக்குமேல் எடுத்துவிட்டோம். மாலையில் அவன் தன் ஒன்பதையும் வரிசையாகச் சொன்னான். நம்மால் நம்முடையவற்றில் பத்தைக்கூட நினைவுகூர இயலவில்லை. மிகுபொருள் விரும்பாமை என்பதற்கு இதைவிட எளிய பாடம் உண்டோ என மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி இல்லம் திரும்பும்வரையே நீடித்தது. மாத்திரையின் உறை எதனால் ஆனது என்று கேட்டறிந்த பின்னரே விழுங்கும் நம் மூதாட்டியார், "இந்தச் சுருளின்மேல் என்னப்பா பூசியிருக்கிறது?" என்றார். "ஜெலட்டின், பாட்டி" என்றான் அவன். அது விலங்குகளின் எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுக்கும் பசை என்பதை அவனே விளக்க நேர்ந்தது.

படக்கலை தொடக்கத்திலிருந்தே இப்பசையை நம்பியிருக்கவில்லை. 1851-இல் ஆர்ச்சர் கண்ட முறையில், பருத்தியிலிருந்து செய்த கொலோடியன் கண்ணாடித் தகட்டில் பூசப்பட்டது. ஆனால் தாள்படிக்கு அக்காலத்தில் முட்டையின் வெண்கரு பயன்பட்டது. 1871-இல் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலட்டினைப் பரிந்துரைத்தார். வெள்ளி உப்பின் துகள்களை ஒன்றோடொன்று சேராமல் தாங்குவதும், நீரில் ஊறி மருந்தை உள்ளே விடுவதும் அதன் இயல்பு. இன்றளவும் அதற்கு நிகரான மாற்று விற்பனைக்கு வரவில்லை. 1920-களில் கோடக் ஆய்வாளர் ஷெப்பர்டு மற்றொன்றைக் கண்டார். மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியின் கந்தகச் சுவடே பசையில் தங்கிச் சுருளின் ஒளியுணர்வைக் கூட்டுகிறது! விலங்கு உண்ட உணவே படத்தில் தங்கும்போது, விலங்கு அதில் இல்லை என்று எங்ஙனம் கூறுவது?

ஐதராபாத் நிசாமின் படக்கலைஞராய்ப் புகழ்பெற்ற ராஜா தீன் தயாள், 1844-இல் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1960-இல் நிறுவப்பெற்று இன்று மூடப்பட்டுள்ள உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்னும் பெயரில் சுருள் விற்றது. நம் இல்லங்களின் திருமணப் படங்கள் பலவும் இப்பசையில் பதிந்தவையே. இளைஞன் இதைத்தான் கேட்டான்: "சுவரில் மாட்டியிருக்கும் முனிவர் படமும் இதே பசைதானே, பாட்டி?" மயில் தானே உதிர்த்த பீலியால் எறும்பையும் நோகாது விலக்கும் முனிவரின் உருவம், எலும்புப் பசையில்! மூதாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அறியாமல் செய்தது வேறு, அறிந்தபின் செய்வது வேறு" என்றார்.

சுருளுக்காக எவரும் மாட்டைக் கொல்வதில்லை. எஞ்சிய எலும்புதானே என்பர் சிலர். ஆனால் எலும்புக்கும் விலையுண்டு. அவ்விலையும் கொலைக்களத்தின் வருவாயே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகை என்பது நம் அறம். விலை கொடுப்போன் மூன்றாவதிலிருந்து தப்ப இயலாது.

கைப்பேசி மட்டும் தூயதோ? அன்று. அதன் உடற்பகுதிகள் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உருவாகின்றன. அதற்கான உலோகம் எங்கோ மண்ணைப் பிளந்து எடுக்கப்பட்டதே. இல்லறத்தார் ஆரம்பஹிம்சையை முற்றும் விலக்க இயலார். ஆயினும் பிழைப்புக்கும் நோய்க்கும் நேர்வது ஒன்று. இன்பத்துக்காக மேலும் ஒன்றைச் சேர்ப்பது மற்றொன்று. முறிந்த எலும்பைக் காட்டும் எக்ஸ்ரே சுருளையும் பொழுதுபோக்குச் சுருளையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

எஞ்சிய மூன்று படங்களையும் அவன் எடுத்து முடித்தான். வாங்கிய சுருளை எறிவதால் எவ்வுயிரும் மீளாது. அடுத்த சுருளை வாங்கவில்லை. பழைய படங்களை நாம் அகற்றவுமில்லை. இப்போது கைப்பேசியிலும் பயணத்துக்குப் பன்னிரண்டு என அளவு வகுத்துக்கொண்டுள்ளான். "அந்தச் சுவை இதில் இல்லை" என்று அவன் மறைக்காமல் கூறுகிறான். உண்மையே, இழப்பு இழப்புதான். நாம் விரும்பாத ஒன்றை விடுவதற்கு விரதம் எதற்கு?

நம் இல்லங்களில் இன்னும் கேட்கப்படாத வினாக்கள் எத்தனை உள்ளன என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.