ஒன்பது நொடி

வார இறுதிகளில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு ஒலிப்பதிவின் அடிப்படைகளைச் சொல்லித்தருகிறேன். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வை. மீட்டர் சிவப்பைத் தொடக்கூடாது. ஃபேனை நிறுத்து. இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். வெட்டுவதுதான் சிக்கல்.

ஒரு மாணவி தன் பாட்டியைப் பேட்டி எடுத்திருந்தாள். "அப்பத்தா, உனக்குப் பிடிச்சுத்தான் கல்யாணம் பண்ணி வச்சாங்களா?" ஒன்பது நொடி ஒன்றுமில்லை. பிறகு, "ம்... பிடிச்சுத்தான்." ஆடாசிட்டியில் அந்த ஒன்பது நொடி கிட்டத்தட்ட ஒரு தட்டைக்கோடு. "ரொம்ப இழுக்குதுண்ணா" என்று அதைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினாள். ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை. ஆனால் கேள்வி முடிந்த கையோடு வந்து விழும் "பிடிச்சுத்தான்" வேறு யாரோ ஒரு பெண்ணின் பதில்.

வெட்டி ஒட்டுவதே பொய் என்று நான் நினைக்கவில்லை. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964இல் கச்சேரி மேடையை விட்டு ஸ்டூடியோவுக்குள் போனவர். பாக்கின் ஃபியூக் ஒன்றைப் பலமுறை வாசித்துப் பதிந்தார். ஆறாவதும் எட்டாவதும் நன்றாக வந்திருந்தும் தனித்தனியே சலிப்பூட்டின. இரண்டு டேப்பையும் வெட்டி ஒட்டியபோதுதான் அவருக்குத் திருப்தி. 1966இல் எழுதிய கட்டுரையில் இதை ஒளிக்காமல் சொல்கிறார். சரி, அவர் வெட்டியது அவருடைய வாசிப்பை. நாம் வெட்டுவது அப்பத்தாவை.

அறையின் மௌனத்தையும் முப்பது நொடி தனியாகப் பதிந்துகொள்ளச் சொல்வேன். வெட்டிய இடத்தில் சுத்தமான மௌனத்தை வைத்தால் ஹெட்போனில் குழி விழுந்த மாதிரி இருக்கும். அறையின் மெல்லிய இரைச்சலை நிரப்பி, முனைகளில் சில மில்லிநொடி கிராஸ்ஃபேட் கொடுத்தால் தையல் தெரியாது. கோடில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பதை கிட் சொல்லிவிடும். எம்பி3 எதையும் சொல்லாது.

பேசியவரிடமே கேட்டுவிட்டால் போகிறது என்பார்கள். பாட்டியே எடுத்துவிடச் சொல்லலாம். அப்படியானால் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே எடு என்பேன். அதைச் சொல்லாமல் விட அவருக்கு முழு உரிமை உண்டு. தயங்கிச் சொன்னதைத் தயங்காமல் சொன்னதாகக் காட்டினால், கேட்பவரும் ஏமாறுகிறார் இல்லையா?

இருமல், ஹாரன், பத்தாவது "அப்புறம்" இவற்றையெல்லாம் யோசிக்காமல் வெட்டுவேன். ஆடாசிட்டியில் 'டிரங்கேட் சைலன்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மௌனங்களை மொத்தமாகச் சுருக்கிவிடும். மூச்சு வாங்கியதையும் தயங்கியதையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதை மட்டும் நான் சொல்லித்தருவதில்லை. எப்படியும் அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.