யாரும் அறியாத அறிவு

ஒரு விஷயம் அச்சில் இருக்கிறது. அதன் பாதியை ஒரு துறைக்காரர்கள் படித்திருக்கிறார்கள், மறுபாதியை வேறு துறைக்காரர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் ஒருவருமில்லை. அந்த விஷயம் மனிதர்களுக்குத் தெரிந்ததா, தெரியாததா? தர்க்க விளையாட்டு மாதிரி தோன்றும் இந்தக் கேள்வியில் ஒழுக்கம் சம்பந்தப்பட்ட ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கார்ல் பாப்பர் ஒரு கற்பனை சொல்வார். இயந்திரங்கள் யாவும் அழிந்துபோகின்றன, அவற்றை இயக்கும் திறமையும் போய்விடுகிறது. ஆனால் நூலகங்களும், அவற்றிலிருந்து கற்கும் சக்தியும் மிஞ்சுகின்றன. உலகம் மீண்டுவிடும். நூலகங்களும் அழிந்தால், மீள ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகும். ஆகவே அறிவு என்பது அறிபவனின் மண்டைக்கு வெளியேயும் இருக்கிறது என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். ஆனால் அலமாரியில் இருப்பது வேண்டியபோது கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை அதன் அடியில் ஓடுகிறது. நூலகத்தில் மணிக்கணக்காகத் தேடியலைந்தவனுக்கு அந்த நம்பிக்கை அவ்வளவு சுலபமாக வராது.

பாப்பரின் வழியே போய், பாப்பர் நின்ற இடத்தைத் தாண்டியவர் டான் ஸ்வான்சன். பௌதிகம் படித்துவிட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பள்ளிக்கு வந்தவர். ரேனோ நோய் என்று ஒன்று உண்டு. குளிர் பட்டால் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல் வெளுத்து, நீலம் பாரித்து மரத்துப்போகும். இந்த நோயாளிகளின் ரத்தம் சற்றுக் கெட்டியாக இருக்கிறது, அதன் தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று மருத்துவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கிறது என்று வேறொரு கூட்டத்தார் எழுதிவைத்திருந்தார்கள். முதல் கூட்டத்தின் கட்டுரைகள் இரண்டாவதை மேற்கோள் காட்டவில்லை, இரண்டாவது முதலாவதைக் காட்டவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவக்கூடுமா என்று 1986இல் கேட்டவர் ஸ்வான்சன். அவர் புதிதாக ஒரு சோதனையும் செய்யவில்லை. படித்தார், அவ்வளவுதான்.

இதில் குற்றவாளி யார்? மீன் எண்ணெய்க்காரர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள், மருத்துவர்களும் அப்படியே. யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாரோ ஒருவரின் விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன. தப்பு நடக்கிறது, தப்பு செய்தவன் இல்லை. செய்தவனைத் தேடிப் பிடித்துப் பழகிய நம் நீதி உணர்ச்சிக்கு இங்கே பிடி கிடைப்பதில்லை.

நான் குமாஸ்தாவாக இருக்கும் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. யாருக்குச் சேரவேண்டியது என்று நிச்சயமாகாத தொகைகள் அதில் போய் உட்காரும். பணம் தொலையவில்லை. பேரேடு பைசா சுத்தமாக இருக்கிறது. உரியவன் கைக்குத்தான் போய்ச் சேரவில்லை. ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் ஒவ்வொரு பதிவையும் தொட்டு, இது எத்தனை நாளாக இங்கே நிற்கிறது என்று கேட்பார். பல்கலைக்கழகங்களில் இந்தக் கேள்விக்கென்று யாருக்கும் சம்பளம் கிடையாது. கண்டுபிடித்தவனுக்குப் பெயர் உண்டு, சேர்த்துப் படித்தவனுக்கு எந்தத் துறையிலும் நாற்காலி இல்லை.

எல்லாம் எட்டும்படி செய்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. மெண்டல் எட்டும்படிதான் செய்தார். பட்டாணிச் செடிகளைப் பற்றிய அவர் கட்டுரை 1866இல் அச்சாயிற்று. மியூனிக்கில் இருந்த நேகெலி என்ற பெரிய தாவரவியலாளருக்குப் பிரதியும் அனுப்பினார். கடிதப் போக்குவரத்தும் நடந்தது. நேகெலிக்கு அது கண்ணில் படவேயில்லை என்றுதான் சொல்லவேண்டும், கையில் இருந்தும். 1900இல்தான் மூன்று பேர் அதை மீட்டார்கள். மெண்டல் இறந்து அதற்குள் 16 வருஷங்கள். தாவரவியலில் தலைகளை எண்ணி விகிதம் பார்ப்பது அன்று பழக்கமில்லாத காரியம். அனுப்புவது தபால் வேலை. இனங்காண்பதற்கு அந்தக் கேள்வி ஏற்கெனவே படிப்பவனுக்குள் உறுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

இனி நம்முடைய பக்கம். இலக்கியக்காரர்களாகிய நாம் பிற துறைகளிலிருந்து எடுத்துக்கொள்ளச் சளைத்தவர்கள் அல்ல. ஹைஸன்பர்க் 1927இல் சொன்ன நிச்சயமின்மைக் கோட்பாட்டை வைத்துக்கொண்டு, கவிதைக்கு நிச்சயமான அர்த்தம் கிடையாது என்று நிரூபிக்கும் கட்டுரைகள் சிறுபத்திரிகைகளுக்குப் புதிதல்ல. ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேர எந்த அளவுக்கு மேல் நிர்ணயிக்க முடியாது என்று சொல்வது அது. கவிதையைப் பற்றி அதற்கு அபிப்பிராயம் இல்லை. அலன் சோகல் என்ற பௌதிகவாதி 1996இல் வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் 'சோஷியல் டெக்ஸ்ட்' பத்திரிகை பிரசுரித்தது. ஆசிரியர்கள் ஏமாந்ததை எல்லோரும் சிரித்தார்கள். ஏமாறுவது பெரிய பாவமில்லை. அச்சுக்குப் போகும் முன் அதை ஒரு பௌதிகக்காரரிடம் காட்டிக் கேட்க அவர்களுக்குத் தோன்றாததுதான் என்னை உறுத்துகிறது. அந்தத் துறையின் அந்தஸ்து வேண்டியிருந்தது, அதன் சந்தேகங்கள் வேண்டியிருக்கவில்லை.

ஸ்வான்சன் சந்தேகத்தையும் சேர்த்தே சுமந்தார். மீன் எண்ணெய் குணப்படுத்தும் என்று அவர் சொல்லவில்லை. சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர்கள் கண்ணில் படும் பத்திரிகையில் எழுதினார். நூலகக்காரர்களுக்கு அவர்களுடைய பத்திரிகையில் தனியாக எழுதினார். 1989இல் வந்த மருத்துவச் சோதனை பாதி ஆமென்றது. வேறு நோயின் விளைவாக ரேனோ வந்தவர்களுக்குப் பலனில்லை, தனியாக வந்தவர்களுக்கு இருந்தது. அந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் பகிர்ந்ததாக ஆகும்.

இப்போது இந்த வேலையைக் கணினிகள் செய்கின்றன. பப்மெட் என்ற மருத்துவக் களஞ்சியத்தில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஜோடிகள் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆயிரம் ஜோடிகளில் இது ஒன்று, இதன் பின்னால் நான் சில வருஷங்கள் போவேன் என்று ஓர் ஆள் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

ஸ்வான்சன் 1988இல் இன்னொன்றும் எழுதினார். ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையே கவனிக்கப்படாத 11 தொடர்புகள். அந்தத் தலைவலியைத் தடுக்க மக்னீசியம் அநேகமாகப் பயன்படும் என்று அமெரிக்க நரம்பியல் அகாடமியின் வழிகாட்டுக் குறிப்பு 2012இல் சொல்லிற்று. அது ஸ்வான்சனால்தான் என்று சொல்ல முடியாது. அதே வருஷம்தான் அவர் இறந்தார்.