தரை என்று ஒன்று உண்டா?
முழுமை என்பது உறுப்புகளுக்கு நாம் இட்ட பெயர் மட்டுமே என்று 'மிலிந்த பன்ஹா' என்ற பௌத்த நூலில் துறவி நாகசேனர் தேரைக் காட்டி வாதிடுகிறார். இந்தியத் தர்க்க மரபான நியாயமோ முழுமையும் தனிப்பொருளே என்கிறது. நான் நியாயத்தின் பக்கம். கார் ஷெட்டில் பசையின்றி ஒன்றோடொன்று பூட்டிப் பதிக்கும் பிளாஸ்டிக் டைல்களைப் பாருங்கள். வெப்பத்தில் ஒவ்வொன்றும் மயிரிழைதான் விரிகிறது. எல்லாம் சேர்ந்து சுவரை முட்டும் என்பதால் ஓரத்தில் இடைவெளி விட்டு, பட்டையால் மறைக்கிறார்கள். இது வெறும் கூட்டல்தானே என்று பௌத்தர் மறுக்கலாம். விரிவைப் பொறுத்தவரை அந்த மறுப்பு சரியே. ஆனால் பூட்டாத டைல் திரும்பும் சக்கரத்தின் கீழ் எளிதில் நழுவும்; பூட்டியதை அண்டை டைல்கள் பிடித்து நிறுத்துகின்றன. பொருளும் எண்ணிக்கையும் அதேதான். கூடியது உறவு மட்டுமே. சக்கரத்தின் விசையை எதிர்த்து நிற்கும் உறவை வெறும் பெயர் என்று ஒதுக்க முடியாது.