பேரைச் சொன்னால்தான் புத்தகம்

இலவசம் என்று போட்டிருக்கிறது. தொட்டால் புத்தகம் வருவதில்லை, ஒரு படிவம் வருகிறது. முதல் பெயர், கடைசிப் பெயர், கைப்பேசி எண், முகவரி, தொழில். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. காசு வாங்காதவன் இதையெல்லாம் எதுக்குக் கேக்குறான்?

'பேருதானே, குடுத்தா என்ன கொறஞ்சிடும்' என்கிறார்கள் நண்பர்கள். குறையாதவர்கள் சொல்வது அது. பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அதிலும் பிடிபடாவிட்டால் 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று கேட்டு முடிப்பது இந்த நாட்டில் புதுசா? முகவரி என்பது தபால்காரருக்கு மட்டும் எழுதப்படுவதல்ல என்று வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்குத் தெரியும். 'காலனி' என்ற ஒரு சொல் போதும், எதிரே இருப்பவன் முகம் மாறிவிடும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். கடைசிப் பெயர் என்கிற கட்டம் இன்னொரு வேடிக்கை. சாதிப் பட்டத்தை விட்டு, அப்பன் பேரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்களிடம், விட்டதை எங்கே என்று அது கேட்கிறது. (நமக்குப் பட்டமே கொடுக்கவில்லை என்பது தனிக்கதை.)

1936இல் லாகூர் ஜாத்-பட்-தோடக் மண்டல் தன் மாநாட்டை ரத்து செய்தபோது, அங்கே பேசவிருந்த உரையை அம்பேத்கர் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். காசைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. வாங்கியவன் யார், எந்தத் தெரு என்ற கேள்வி இல்லை. அந்த வகையில் விலைக்கு விற்ற அந்தப் புத்தகம் இன்றைய இலவசத்தைவிடச் சுதந்திரமானது.

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்பார்கள். எண்ணுவதற்குப் பேர் எதற்கு? 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பேர் கேட்காமலே தமிழ் நூல்களைக் கொடுத்துவருகிறது. 'நீயாத்தானே நிரப்புன' என்பது அடுத்த வாதம். தாகத்தோடு நிற்பவன் குடத்தருகே சொல்லும் 'சரி'க்கு என்ன மதிப்பு? 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, சேவைக்குத் தேவையானதற்கு மட்டும்தான் சம்மதம் செல்லும் என்கிறது. அது காட்டும் உதாரணம், வைத்தியம் பார்க்கும் ஒரு செயலி கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்பது. புத்தகத்துக்கு வீட்டு முகவரி கேட்பதும் அதே ரகம்.

பட்டியல் போட்டவனின் நோக்கத்தோடு பட்டியல் முடிந்துவிடுவதில்லை. 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். அந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 2018இல் பீமா கோரேகான் வழக்கில் எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள் வீடுகளிலிருந்து கணினிகள் போயின. என்ன படிக்கிறான் என்பது எங்கோ எழுதப்பட்டிருந்தால், அதைக் கேட்டு ஒருவன் வரத்தான் செய்வான்.

அப்படியானால் பொய்ப் பேர் கொடுக்கலாமா என்று மாணவர் ஒருவர் கேட்டார். கொடுக்கலாம் என்பேன். உண்மை, கேட்க உரிமை உள்ளவனுக்குத்தான் கடன். ஆனால் கைப்பேசிக்கு எண் அனுப்பிச் சோதிக்கிற இடத்தில் பொய்யும் செல்லாது. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அண்ணன் கையில் என்றிருக்கிற பெண், என்ன படிக்கப் போகிறாள் என்பதை முதலில் அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் திரும்பிவிட்டவள் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள்.

இயக்கக் கூட்டங்களின் புத்தக மேசையிலும் ஒரு நோட்டு கிடக்கிறது. துண்டறிக்கை வாங்குகிறவர் பேரும் செல் நம்பரும் எழுத வேண்டும். அடுத்த போராட்டத்துக்கு ஆள் கூப்பிட எண் வேண்டும்தான், மறுக்கவில்லை. அதைச் சொல்லிக் கேட்கட்டும். எழுத விரும்பாதவர் கையிலும் அறிக்கையைக் கொடுக்கட்டும். கூட்டம் முடிந்த பிறகு அந்த நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் தோழர்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.