பூட்டிய வீட்டின் தோடி

வீட்டிலிருந்து பாட்டு வருகிறது என்று மகளிடம் சொல்கிறேன். யோசித்துப் பார்த்தால் அது பாதிப் பொய். புனேயில் அவள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து நான் டேப்லெட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தொடும்போது, ஸ்ரீரங்கத்தில் பூட்டிக் கிடக்கும் என் கூடத்தில் நாகஸ்வரம் ஒலிப்பதில்லை. அங்கே இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு ராஸ்பெரி பை, அதில் செருகிய ஹார்ட் டிஸ்க், ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். சத்தம் பிறப்பது இங்கே. அப்படியானால் அங்கே நான் பூட்டி வைத்துவிட்டு வந்திருப்பது என்ன?

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பிறகு தர்க்க சங்கிரகம் என்ற நியாய நூலைப் படிக்கும் சிறு கூட்டம் ஒன்றில் சேர்ந்தேன். அந்த நூலின் ஆசிரியர் அன்னம்பட்டர் ஒலியை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்: காதுக்குப் புலப்படும் குணம், ஆகாசத்துக்கு மட்டும் உரியது. நியாய மரபில் ஒலி பிறக்கும், சில கணத்திலேயே சாகும். வேதச் சடங்குகளை விளக்கும் மீமாம்சகர்கள் ஒப்பமாட்டார்கள். அவர்களுக்கு ஒலி நித்தியம். உச்சரிப்பு அதை உண்டாக்குவதில்லை, வெளிக்காட்டுகிறது. அவர்களில் ஒருவரான சபரர் தம் உரையில் சாமர்த்தியமாக ஓர் ஆதாரம் காட்டுகிறார். ஒரு சொல்லை எட்டுத் தடவை சொன்னான் என்கிறோமே தவிர, எட்டுச் சொல் சொன்னான் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே சொல் ஒன்றுதான், நித்தியம்தான்.

பாட்டுச் சேர்த்து வைப்பவனுக்கு இந்தக் கட்சி இனிக்கும். தோடி என்றைக்கும் இருக்கிறது, என் டிஸ்க் திரையை விலக்குகிறது என்று இருந்துவிடலாம். ஒரு சங்கடம்: அவர்கள் நித்தியம் என்றது எழுத்தொலியைத்தான். காற்றின் அதிர்வை அவர்கள் கடந்து போகும் வெறும் ஓசையாகத்தான் வைத்தார்கள். நாகஸ்வரத்துக்கு அங்கே இடம் கிடைக்காது.

அதோடு, பாட்டு புனே வந்து சேரும் வழியைத் தெரிந்துகொண்டவன் மீமாம்சகனாக இருப்பது கஷ்டம். நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கில் உள்ளதைப் பட்டியலிட்டுக் கேட்டவருக்கு அனுப்புகிறது. வெளியிலிருந்து வீட்டுக்குள் நேரே நுழைய வழியில்லை. இணையம் தருபவர்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். அதனால் வீட்டுக் கருவியும் டேப்லெட்டும் ஆளுக்கொரு பக்கமாக வெளியே வந்து, டெயில்ஸ்கேல் ஏற்படுத்தித் தரும் சங்கேதச் சுரங்கத்தில் சந்தித்துக்கொள்கின்றன. கேசட்டிலிருந்து நான் எடுத்து வைத்தது நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். மகள் வீட்டு வைஃபைக்கு இது தாங்கும். ரயிலில் வரும்போது தாங்காது. அதனால் வழியில் அதை ஓபஸ் வடிவத்துக்கு மாற்றி 96,000 பிட்டாக்கச் சொல்லியிருக்கிறேன். ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. எதைக் கழித்தால் மனிதக் காதுக்குத் தெரியாது என்று கணக்குப் பார்த்து மிச்சத்தைப் புதிதாக எழுதுகிறது அது. இடையில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் தரவுப் பொட்டலத்தை வாங்கி, அடுத்ததற்கு ஒரு நகல் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருந்ததை அழித்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய எதுவும் புனேக்கு வந்து சேர்வதில்லை.

நியாய மரபினரான நையாயிகர்கள் அப்படியே இதைத்தான் சொன்னார்கள். முரசில் பிறந்த முதல் ஒலி காதுவரை வருவதில்லை. அது அடுத்ததைப் பிறப்பித்துவிட்டு மடிகிறது, அடுத்தது அதற்கடுத்ததை. அலை அலையைத் தள்ளுவதுபோல. நம் காது பிடிப்பது கடைசியாகப் பிறந்ததை மட்டும். வகுப்பில் இதைப் படித்தபோது எல்லோரும் தலையாட்டினோம், எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

இந்தத் தோடியின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் இன்னும் நீளம். 1956-இல் மறைந்த ராஜரத்தினம் பிள்ளை ஊதிய மூச்சு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம் பிடிக்கும் இசைத்தட்டானது. அதைத் திருச்சி வானொலி மத்திய அலையில் அனுப்ப, என் அப்பா கேசட்டில் பிடித்தார். கேசட்டின் காந்தத் துகளிலிருந்து டிஸ்க்கின் காந்தத்துக்கு ஏற்றினேன். பௌத்த நூலான சங்யுத்த நிகாயத்தில் ஓர் அரசன் வீணையொலியில் மயங்கி அந்த ஒலியைக் கொண்டுவரச் சொல்கிறான். வீணையைச் சுக்குநூறாக உடைத்தும் ஒலி கிடைக்காமல் வீணையைத் திட்டுகிறான். என் டிஸ்க்கைப் பிரித்தாலும் அவனுக்குக் கிடைப்பது வட்டத் தகடுதான்.

இதே இசைத்தட்டு, இரைச்சல் நீக்கி, இணையத்தில் வேறெங்கோ கிடைக்கத்தானே செய்யும், இத்தனை சுற்று எதற்கு என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. அப்பா பிடித்ததில் ஆலாபனை மேல் ஸ்தாயிக்குப் போய் நிற்கும் இடத்தில் எங்கள் வீட்டு குக்கர் விசிலடிக்கும். அந்த விசில் வராத தோடி எனக்கு அரைகுறையாகப் படுகிறது. இது ரசனையில்லை, பற்று, தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். என்றைக்கும் இருக்கும் ஒன்றைப் பாதுகாக்க யாரும் டிஸ்க் வாங்கமாட்டார்கள். பிறந்து சாவதால்தான் திரும்பத் திரும்பப் பிறக்க ஓர் இடம் பண்ணி வைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கருவி ஒன்றும் அதே வீட்டில் ஓடுகிறது. பூஜை அலமாரியில் என் மனைவி வாங்கி வைத்த, நாமத்தை ஓயாமல் ஒலிக்கும் மந்திரப் பெட்டி. ஊருக்குக் கிளம்பும்போது விளக்கு ஏற்றிவிட்டு வர முடியாது, அதனால் பெட்டியை ஓடவிட்டு வருகிறாள். பல வீடுகளில் வழக்கம்தான். ஆக, இங்கே காது இருக்கிறது, வீட்டில் தோடி ஒலிக்கவில்லை. அங்கே நாராயண நாமம் ஒலிக்கிறது, காது இல்லை. அது ஜபம்தானா?

மீமாம்சகர் எழுத்தொலியை நித்தியம் என்றவர், ஆனாலும் அவரே கைவிரிப்பார். கர்மத்துக்குக் கர்த்தா வேண்டும், சங்கல்பம் வேண்டும். பெட்டிக்கு ஏது சங்கல்பம்? சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு மாமியிடம் நான் அதை நிறுத்திவிடச் சொன்னேன். “நிறுத்தப்படாது ஸார். பெருமாள் கேப்பார்” என்றார். பெருமாள் கேட்பார் என்றால் ஸ்பீக்கர் எதற்கு மாமி, பெட்டிக்குள் இருப்பதையே அவர் கேட்டுக்கொள்ள மாட்டாரா என்றேன். “அவருக்கு என்ன ஸார் வேண்டியிருக்கு? வீடு கேக்க வேண்டாமா?”

இதற்கு நையாயிகர் பதில் சொல்லியிருக்கிறார்கள். காது என்பதே செவித்துளைக்குள் அடைபட்ட ஆகாசம்தான். சுவருக்குள்ளும்தான் ஆகாசம் அடைபட்டிருக்கிறது, சுவர் ஏன் கேட்பதில்லை? செவித்துளை ஆகாசத்தோடு ஓர் உயிரின் புண்ணிய பாவம் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அது கேட்கிறது. கூடத்துக்கு வெளி உண்டு, வினை இல்லை. எனக்கு இந்த வாதம் மிகவும் பிடித்துப்போனது. போனில் மாமியிடம் நிதானமாக விளக்கினேன்.

“அதெல்லாம் இருக்கட்டும் ஸார். கரண்ட் வந்து பத்து நிமிஷமாச்சு, பெட்டி ஜோரா பாடறது. ஒங்க மோடத்துல மட்டும் செகப்பு லைட்டே எரியறது. எந்த ஸ்விட்சைத் தட்டணும்?”